பிள்ளை சோம்பேறியா, தூக்கம் போதவில்லையா? வளரிளம் பருவக் கேள்வி பதில்

கேள்வி: 15 வயதுப் பையன். ராத்திரி 12 மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். சோம்பேறி ஆகிவிட்டானா?

பதில்: சோம்பல் இல்லை. பருவம் எய்தும்போது உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கும். ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். ஆனால் 13 முதல் 18 வயதுவரை 8–10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அது குறைவதில்லை.

மாற்றத்தைக் காலையில் தொடங்குங்கள். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்கினால் திங்கட்கிழமை கடிகாரம் மறுபடி குழம்பும். படுக்கிற நேரத்தைச் சில நாளுக்கொரு முறை கால் மணி நேரம் முன்னுக்கு இழுங்கள். ராத்திரி போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்தான். அவனுடையதை மட்டும் வாங்கி வைத்தால் பஞ்சாயத்துதான்.

கேள்வி: எனக்கு 16 வயது. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. சொல்லித்தர ஆள் இருந்து, குறைந்த எடையில் முறையாகப் பழகினால் எலும்புக்கு நல்லது. வீம்புக்குத் தூக்கினால்தான் அடிபடும். உலக சுகாதார நிறுவனம் உங்கள் வயதுக்குச் சொல்வது தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவு உழைப்பு; வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை. புரோட்டீன் பவுடரா? அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குத் தேவையில்லை.

கேள்வி: மகளுக்கு 14. எப்போதும் அசதி. குண்டாகிவிடுவேன் என்று காலையில் சாப்பிடுவதில்லை.

பதில்: மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று முதலில் கேளுங்கள். மருத்துவரிடம் ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னது சரியாக இருந்தும் இரும்புச்சத்துக் கையிருப்பு வற்றியிருக்கலாம். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும்.

எடைப் பேச்சு சாப்பிடும் இடத்தில் வேண்டாம், "இளைச்சிட்டியே, அழகா இருக்கே" என்ற பாராட்டும் சேர்த்துத்தான். சாப்பாட்டை ஒளித்து வைத்தாலோ மாதவிடாய் நின்றாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பரீட்சைக்குக் கண்விழிக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொன்றுக்கும் பாதி உள்ளேயே இருக்கும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான்.