நொதிகளை ஏன் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள்? குறுக்குப்பிணைப்பு என்றால் என்ன?

நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். நீண்ட சங்கிலி ஒன்று நுணுக்கமாக மடிந்து கிடக்கும் அந்த வடிவத்தில்தான் அதன் திறமை இருக்கிறது. சூடு கூடினால் மடிப்பு அவிழும், வேலையும் நின்றுவிடும். தண்ணீரில் கரைந்துவிடுவதால், வேலை முடிந்தபின் அதைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாடு.

இதற்கான தீர்வுதான் குறுக்குப்பிணைப்பு. குளூட்டரால்டிஹைடு என்ற சிறிய மூலக்கூறின் இரு முனைகளும் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலப் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். ஒரு முனை இந்த நொதியையும் மறுமுனை பக்கத்து நொதியையும் பிடிக்க, எல்லாம் சேர்ந்து கரையாத துகளாகிவிடும். மடிப்பு எளிதில் அவிழாது. வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

உதிரிப்பூ காற்றில் சிதறும், தொடுத்த சரம் கையோடு வரும். ஆனால் நாரை மிகவும் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும் அல்லவா? குளூட்டரால்டிஹைடு அளவு மீறினாலும் அப்படித்தான்: நொதி விறைத்து, வினை நடக்கும் இடமே அடைபடும். இந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான கைத்திறன்.

அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கான மூலப்பொருளைப் பென்சிலினிலிருந்து வெட்டியெடுக்க, ஒரு காலத்தில் கடுமையான வேதிப்பொருள்களும் மைனஸ் 40 டிகிரி குளிரும் தேவைப்பட்டன. இன்று கரையாதபடி நிலைநிறுத்தப்பட்ட பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி, இதமான வெப்பத்தில், தண்ணீரிலேயே அதைச் செய்கிறது. எத்தனை பெரிய மாற்றம்!

பிணைத்தவுடன் நொதியின் வேகம் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தொடக்க வேகம் சற்றுக் குறையவே செய்யும், கூடுவது அது உழைக்கும் காலம்தான்.