பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை

கேள்வி: என் பைக் வாங்கி ஐந்து வருடமாகிறது. செல்ஃப் எடுக்கவில்லை என்று போன மாதம் புது பேட்டரி போட்டேன். மூன்று வாரம்தான் ஓடியது. இப்போது காலையில் பட்டனை அழுத்தினால் ‘டக்டக்டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரியே மட்டம் என்கிறார் மெக்கானிக். வண்டியில்தான் கோளாறு, வாரண்டி கிடையாது என்கிறார் கடைக்காரர். இன்னொரு பேட்டரி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து வோல்டேஜும் கரண்டும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். இரண்டு பேருமே அளந்து பார்க்காமல் பேசுகிறார்கள்.

விடாமல் வரும் ‘டக்டக்’, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயின் சத்தம். ரிலே சேர்ந்ததும் மோட்டார் கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது. வோல்டேஜ் ஏறினால் மறுபடி சேர்கிறது. போதுமான கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். முதலில் டெர்மினல் நட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். அண்மையில் கழற்றி மாட்டியவை என்பதால் சந்தேகம் இங்கேதான் தொடங்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியில்.

அடுத்து பேட்டரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம் நியாயமே. விழவில்லையா? இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி அதே டெர்மினல்களில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரிக்குச் சாப்பாடே போகவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. எத்தனை பேட்டரி போட்டாலும் வெந்துவிடும்.

சார்ஜ் ஏறவில்லை என்றாலும் உடனே ரெகுலேட்டர் வாங்க ஓடாதீர்கள். அதன் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. இன்ஜினில் கரண்ட் உற்பத்தி செய்யும் காயிலான ஸ்டேட்டரிலிருந்து மூன்று வயர் வரும் வண்டி என்றால், இன்ஜினை ஓடவிட்டு எந்த இரண்டுக்கு இடையில் அளந்தாலும் ஏசி வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில்தான் போயிருக்கிறது.

சார்ஜிங் நன்றாக இருந்தும் இரவோடு இரவாக இறங்குகிறதா? சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். அப்போது மறந்தும் சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் இருப்பது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலு நாளில் காலி. அலாரம், ஜிபிஎஸ், பிறகு மாட்டிய விளக்குகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

இனி கடைக்காரர். சார்ஜிங் பழுது என்றால் அவர் சொன்னதே சரி; எனக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லைதான். சார்ஜிங்கும் கசிவும் சரியாக இருந்தால், அளவுகளை எழுதிக்கொண்டு பில், வாரண்டி அட்டையுடன் போங்கள். அட்டையிலும் பேட்டரியிலும் உள்ள சீரியல் எண் ஒன்றுதானா என்று முன்பே பாருங்கள். உங்கள் கண் முன்னால் லோடு டெஸ்ட், அதாவது கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் தாங்குகிறதா என்ற சோதனை, செய்யச் சொல்லுங்கள். வெறும் வோல்டேஜைக் காட்டி ‘நல்லாத்தானே இருக்கு’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தத் தகராறு முடியும்வரை பேட்டரியை இறங்கிய நிலையிலேயே போட்டு வைக்காதீர்கள், நல்ல பேட்டரியும் அதனாலேயே கெட்டுவிடும்.