பார்வை இழந்த குதிரைக்கு ஒலி வழிகாட்டுமா?

கால்நடை நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எங்கள் பெண்குதிரை, மீண்டும் மீண்டும் வந்த கண் அழற்சியால் இரு கண்களிலும் பார்வையை இழந்துவிட்டது. பார்வையற்றோர் பயன்படுத்தும் மின்னணுக் கைத்தடியைப் போல, எதிரே தடை இருந்தால் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றைத் தலைக்கயிற்றில் பொருத்தித் தருவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். பொருத்தலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. நண்பரின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. அந்தக் கருவி மனிதருக்காக எண்ணிச் செய்யப்பட்டது என்பதுதான் சிக்கல்.

அத்தகைய கருவிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மீயொலியை (மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை) வெளியிட்டு, அது எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், மூன்று மீட்டர் தொலைவிலுள்ள சுவரின் எதிரொலி ஏறத்தாழ 0.0175 நொடியில் வந்துசேர்ந்துவிடும். குதிரையின் செவி சுமார் 33 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதால், அந்த மீயொலி அதற்குத் தொல்லை தராது. இதுவரை குறையொன்றுமில்லை. ஆனால் எளிய கருவிகளின் எல்லை நான்கைந்து மீட்டர்தான். நடந்து செல்லும் குதிரை நான்கு மீட்டரைக் கடக்க இரண்டு நொடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் அது நின்றுவிடலாம். மிரண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையோ அதே தூரத்தை அரை நொடிக்குள் கடந்துவிடும் என்பதால், எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அக்கருவி பயனற்றுப் போகிறது.

இன்னொன்றையும் நண்பரிடம் கேளுங்கள்: குதிரை மேயும்போது என்ன ஆகும்? மேய்ச்சலில் விடப்பட்ட குதிரை நாளின் பெரும்பகுதியைத் தலையைத் தாழ்த்திப் புல் கடிப்பதிலேயே கழிக்கிறது. மூக்குப் பட்டையில் கருவி இருந்தால், அந்தக் கருவியின் எதிரே இருப்பது தரை மட்டுமே. ஆகவே ‘தடை, தடை’ என்று அது ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தால் குதிரை முதலில் மிரளும். பிறகு பொருட்படுத்தாமல் பழகிவிடும். பொருட்படுத்தப்படாத எச்சரிக்கையால் என்ன பயன்?

கைத்தடியைப் பயன்படுத்தும் மனிதருக்கு, ஒலி என்ன சொல்கிறது என்பதை ஒருவர் விளக்கிவிட முடிகிறது; தடியை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். குதிரையின் தலையிலேயே ஒலிக்கும் கருவியோ, தடை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே இடத்திலிருந்துதான் ஒலிக்கும். ‘அந்தச் சத்தம் வந்தால் நில்’ என்று குதிரையைப் பழக்க முடியாதென்று நான் சொல்லவில்லை. அதற்குச் செலவிடும் உழைப்பில் ‘நில்’ என்ற உங்கள் சொல்லையே பழக்கிவிடலாம். அந்தச் சொல்லுக்கு மின்கலமும் தேவையில்லை.

கேள்வி: குதிரையின் செவி நம்முடையதைவிடக் கூர்மையானது என்பார்களே! வௌவாலைப் போல எதிரொலியைக் கொண்டே அது வழியறிந்துகொள்ளாதா?

பதில்: கூர்மை என்பதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன, ஒன்றில் குதிரை நம்மை வெல்கிறது, மற்றொன்றில் நம்மிடம் படுதோல்வி அடைகிறது.

1980களில் ரிக்கி ஹெஃப்னர், ஹென்றி ஹெஃப்னர் என்ற ஆய்வாளர்கள் குதிரைகளின் செவிப்புலனை முறையாக அளந்தனர். ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸ் முதல் 33.5 கிலோஹெர்ட்ஸ் வரை குதிரை கேட்கிறது. நமது மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் திறனைச் சோதித்தபோது, இரு ஒலிமூலங்கள் சுமார் 25 பாகை விலகியிருந்தால்தான் குதிரையால் இடம், வலம் என்று நம்பகமாகச் சொல்ல முடிந்தது. மனிதருக்கு ஏறத்தாழ ஒரு பாகை போதும். இரு காதுகளையும் தனித்தனியே பின்புறம் வரை திருப்பக்கூடிய விலங்குக்கா இந்த நிலை என்று வியப்பாக இருக்கலாம்.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. செவியின் முதன்மையான வேலைகளுள் ஒன்று, கண்ணை எங்கே திருப்புவது என்று சொல்வதாகும். நம் கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது என்பதால், செவி துல்லியமாக வழிகாட்ட வேண்டியிருக்கிறது. குதிரையின் விழித்திரையிலோ கூர்மையான பகுதி தொடுவானத்தை ஒட்டிய நீண்ட பட்டையாக அமைந்திருக்கிறது. அசையாமல் நின்றே ஏறத்தாழ சுற்றுப்புறம் முழுவதையும் அதனால் காண முடிகிறது. ஆகவே ‘அந்தப் பக்கம்’ என்று செவி தோராயமாகச் சொன்னாலே போதும், மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். பார்வை போனபின் அந்த மீதியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

வௌவாலும் டால்பினும் ஒலியெழுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு வழியறிகின்றன. குதிரை அந்த வகையைச் சேர்ந்ததன்று.

கேள்வி: அப்படியானால் பார்வையற்ற குதிரைக்கு ஒலியால் பயனே இல்லையா? கழுத்தில் மணி கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில்: மிகுந்த பயன் உண்டு, ஆனால் மணியைக் கட்ட வேண்டியது பார்வையற்ற குதிரையின் கழுத்தில் அன்று, அதன் துணையின் கழுத்தில். தன் கழுத்திலேயே மணி ஒலித்துக்கொண்டிருந்தால், அது மற்ற ஒலிகளை மறைக்குமே தவிர வழிகாட்டாது. துணையாக இன்னொரு குதிரையோ ஆடோ இருக்கலாம். அடாவடி செய்யாத, தீவனத்துக்காகத் துரத்திக் கடிக்காத விலங்காக இருப்பது, மணியின் தரத்தைவிட முக்கியம். மணிப்பட்டை எங்காவது சிக்கினால் தானே அறுந்துவிடும்படி இருக்கட்டும். துணையை மட்டும் தனியே வெளியே கொண்டுபோனால் பார்வையற்ற குதிரை பதறி ஓடக்கூடும் என்பதால், தொடக்க வாரங்களில் இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

மணிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பல அதிர்வெண்கள் கலந்த ஒலியின் திசையை அறிவது எளிது. ‘பீப்’ என்ற ஒற்றைச் சுருதியின் திசையை அறிவது கடினம். அந்த வகையில் பழைய வெண்கல மணி, புதிய மின்னணுக் கருவியைவிட மேலானது.

இடத்தை அறிவிக்கும் ஒலிகளைப் பொறுத்தவரை, குறைவாக இருப்பதே நல்லது. லாயத்தில் தாழ்ந்த ஒலியில் ஒரு வானொலி, தண்ணீர்த்தொட்டியில் சொட்டிக்கொண்டிருக்கும் நீர் ஆகிய இரண்டும் பெரும்பாலும் போதும். காற்றில் ஒலிக்கும் மணிச்சரத்தைத் தொட்டியருகே தொங்கவிடச் சிலர் சொல்வதுண்டு. காற்றில்லாத நாளில் குதிரைக்குத் தாகம் எடுக்காதா என்ன? ஒலி எப்போதும் ‘இங்கே வா’ என்பதற்கே பயன்படட்டும். ‘இங்கே வராதே’ என்பதை நிலம் சொல்லட்டும்: வேலியோரமும் மரங்களைச் சுற்றியும் சில மீட்டர் அகலத்துக்குச் சரளையோ மணலோ பரப்பிவிட்டால், குளம்படியில் தரை மாறுவதைக் கொண்டே குதிரை வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ளும். முள்கம்பி வேலி இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள்.

இவற்றைக் குதிரை தானே கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடாதீர்கள். சிறிய அடைப்பில் தொடங்கி, தலைக்கயிற்றைப் பிடித்து வேலியோரமாக இரு திசைகளிலும் பலமுறை நடத்துங்கள். தொட்டியருகே ஒவ்வொரு முறையும் நிறுத்தி, சொட்டும் ஒலியைக் கேட்கவிட்டு, நீரில் வாயை வைக்க விடுங்கள். அதன்பின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள். பலத்த காற்று வீசும் நாளில் ஒலிகள் எல்லாம் குழம்பிவிடுமாதலால், அன்று சிறிய அடைப்பிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: தோற்றத்துக்காக முகத்து நீண்ட முடிகளை மழிக்கலாமா?

பதில்: கூடாது. உதட்டையும் கண்ணையும் சுற்றியுள்ள அந்த முடிகள் தொடு உணர்வுக்கானவை. பார்வையற்ற குதிரை வாளியின் விளிம்பை அறிவது அவற்றால்தான். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் 2021 ஜூலை 1 முதல், அவற்றை மழித்த குதிரைகளைப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை.

கேள்வி: பார்வையற்ற குதிரை ஒன்று தடை தாண்டிச் சாதனை படைத்ததாகப் படித்தேன். அது உண்மையா?

பதில்: உண்மைதான். எண்டோ என்ற அப்பலூசா இனக் குதிரைக்கு நோயின் காரணமாக இரு கண்களும் அகற்றப்பட்டன. அது 2022இல் 106 சென்டிமீட்டர் உயரத் தடையைத் தாண்டி, பார்வையற்ற குதிரைகளுக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தது. ஆனால் சிறு வயது முதல் உடனிருந்து வளர்த்தவரின் நீண்டகாலப் பயிற்சி அதற்குக் கிடைத்திருந்தது. உங்கள் குதிரைக்குத் தடை தாண்டக் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘நில்’, ‘மேலே படி’, ‘கீழே படி’ ஆகிய மூன்று கட்டளைகளை, வீட்டில் உள்ள அனைவரும் ஒரே சொல்லாக, ஒரே தொனியில் சொல்லிப் பழக்குங்கள். தொடுவதற்கு முன் எப்போதும் குரல் கொடுங்கள். ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்தினால் குதிரை எதையும் நம்பாது.