ஆன்லைன் விளையாட்டின் சர்வரை நிறுவனம் மூடிவிட்டால், காசு கொடுத்து வாங்கியவருக்கு ஏதாவது உரிமை உண்டா? மலேசியாவில் இதற்குச் சட்டம் வேண்டுமா?

சட்டம் வேண்டும். ஆனால் பலர் கேட்கிற மாதிரி "சர்வரை என்றைக்குமே மூடக்கூடாது" என்கிற சட்டம் அல்ல. மூடுகிற அன்று, வாங்கியவர் கையில் விளையாடக்கூடிய ஒரு வடிவத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிற சட்டம். கோலாலம்பூரில் சர்வர் பக்கத்து மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. பள்ளிக் காலத்திலிருந்தே கணினி விளையாட்டில் ஊறியவன். இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த விவகாரம் சூடு பிடித்தது ஒரு கார் பந்தய விளையாட்டால். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி குரூ' விளையாட்டைத் தனியாக விளையாடுவதற்குக்கூட அவர்களுடைய சர்வருடன் இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வர் மூடப்பட்டது. கடையில் வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவரும் அன்றிலிருந்து விளையாட முடியவில்லை. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் சேர்ந்து ஒரு கோரிக்கையை ஆணையத்தின் முன் வைக்க 1 மில்லியன் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலை 31-இல் கையெழுத்து வாங்கும் காலம் முடிந்தது. சரிபார்த்த பிறகு சுமார் 1.29 மில்லியன் செல்லுபடியாகின. பிரிட்டனிலும் ஒரு மனு 100,000 கையெழுத்தைத் தாண்டி, 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது.

நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "தொழில்நுட்ப ரீதியில் முடியாது" என்பது. இதைத்தான் நான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஒரு விளையாட்டு சர்வரை எதற்கெல்லாம் நம்பியிருக்கிறது? சில விளையாட்டுகளில் "இவர் காசு கொடுத்தவர்தானா" என்று பார்ப்பதற்கு மட்டும். இன்னும் சிலவற்றில் யாரோடு யார் மோதுவது என்று ஆள் சேர்த்துவிடுவதற்கு. கடைசி வகையில் அந்த விளையாட்டின் உலகமே சர்வரில்தான் ஓடுகிறது. உங்கள் கணினியில் இருப்பது அதைப் பார்க்கிற ஜன்னல் மட்டும். முதல் வகையில் நிறுவனம் அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டாவது வகைக்கு, எதிராளியின் ஐபி முகவரியை (இணையத்தில் அவருடைய கணினியைக் காட்டும் எண்ணை) நேராகத் தட்டிச் சேர்கிற வசதி போதும். மூன்றாவதுதான் உண்மையிலேயே கடினம். ஆனால் பேச்சு வரும்போதெல்லாம் மூன்றாவதைக் காட்டி முதல் இரண்டுக்கும் தப்பிக்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நகரம் கட்டும் விளையாட்டான 'சிம்சிட்டி'யின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2013 மார்ச்சில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வெளியிட்டபோது இணையம் இல்லாமல் ஓடாது. நகரக் கணக்குகளில் பெரும்பகுதி சர்வரில் நடக்கிறது, பிரித்தெடுப்பது பெரிய வேலை என்றார்கள். வெளியான சில நாளிலேயே ஒருவர் அதை இணைப்பு இல்லாமல் ஓட்டிக் காட்டினார். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைன் முறையைக் கொடுத்தது.

என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் விளையாட்டுத் துறையில் இல்லை, ஆனால் சர்வரை நம்பி ஓடுகிற மென்பொருளை எழுதுகிற எந்தக் குழுவிலும் ஒன்று நடக்கும். பொது சோதனை சர்வர் அடிக்கடி படுத்துவிடும். அதற்காக எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் ஒரு குட்டிப் போலி சர்வர் இருக்கும். கேட்டதற்குப் பொருத்தமான பதிலைத் தரும், வேலை நிற்காமல் ஓடும். விளையாட்டு எழுதுகிறவர்களும் மனிதர்கள்தானே, அவர்களுக்கும் இந்தத் தேவை உண்டு. ஆக, ஆஃப்லைன் வடிவத்தின் எலும்புக்கூடு பல நேரம் நிறுவனத்துக்குள்ளேயே எங்கோ கிடக்கும். அதை அப்படியே பொதுமக்களிடம் கொடுக்க முடியாது என்பது உண்மை. தேய்த்து, துடைத்து, பாதுகாப்புப் பார்க்க வேண்டும். அது வேலைதான், செலவுதான். ஆனால் "முடியாது" என்பதும் "செலவாகும்" என்பதும் ஒன்றல்ல.

அந்தச் செலவு எப்போது பெரிதாகும் தெரியுமா? பத்து வருடம் கழித்து, எழுதியவர்கள் எல்லாரும் வேறு வேலைக்குப் போன பிறகு, யாரோ ஒருவர் பழைய நிரலைப் பிரித்துப் பார்க்கும்போது. வடிவமைப்பின் முதல் நாளிலேயே "இந்த சர்வர் ஒரு நாள் இருக்காது" என்று எழுதி வைத்துவிட்டால், சர்வரோடு பேசுகிற பகுதி முழுவதும் ஒரே இடத்தில் ஒதுங்கியிருக்கும். பின்னால் அந்த ஒரு இடத்தை மாற்றினால் போதும். வெளியாரிடம் வாங்கும் மென்பொருள் துண்டுகளின் ஒப்பந்தத்திலும், கடைசியில் பயனரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம். இதனால்தான் நான் சட்டத்தை ஆதரிக்கிறேன். தேதி நெருக்கும் திட்டத்தில், யாரும் கட்டாயப்படுத்தாத வேலைதான் முதலில் வெட்டப்படும். சட்டத்தில் இருந்தால், அது திட்டத்தின் பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்துவிடும்.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். வெலன் ஸ்டூடியோஸ் 2023 ஜூனில் 'நாக்அவுட் சிட்டி'யை மூடியபோது, நாமே சர்வர் நடத்தி விளையாடும் வடிவத்தைக் கணினிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமும் இல்லை அது. 'ஃபோர்ட்சா ஹொரைசன் 4' விளையாட்டைக் கார் நிறுவனங்களுடனான உரிம ஒப்பந்தம் முடிந்ததால் 2024 டிசம்பரில் கடையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது தொடர்ந்து ஓடியது. உரிமம் தீர்ந்தால் விற்பனையை நிறுத்துவது சரி. விற்றதைப் பறிப்பது வேறு.

நம் ஊரில் இதெல்லாம் புதிதும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு சி.சி. என்றால் சைபர் கஃபே என்று விளக்கத் தேவையில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு சர்வர், கடை மூலையில் இருந்த இன்னொரு கணினிதான். வால்வ் நிறுவனம் சர்வர் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்திருந்தது. அந்த விளையாட்டு அப்போது நம்பியிருந்த 'வான்' என்ற இணைய வலையமைப்பு 2004-இல் மூடப்பட்டது. எங்கள் சி.சி.யில் அதனால் ஆட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை.

நிறுவனங்கள் ஏன் மாறின என்பதையும் சொல்ல வேண்டும். திருட்டு வட்டு அவர்களை உண்மையிலேயே பயமுறுத்தியது. பெட்டாலிங் ஸ்திரீட்டிலும் இம்பி பிளாசாவிலும் எந்த விளையாட்டும் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த காலம் அது. அதைத் தடுக்க மலேசியா ஒளிவட்டுச் சட்டம் 2000-ஐயே கொண்டு வந்தது. ஆக, சர்வரில் அடையாளம் கேட்பது அர்த்தமில்லாத ஏற்பாடு இல்லை. விற்பனை நடக்கிறவரை அந்தப் பூட்டு இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. விற்பதையே நிறுத்திய பிறகு அந்தப் பூட்டு எதைக் காக்கிறது?

என் அக்கா மகன் தீபாவளி அங்பாவ் காசைச் சேர்த்து ஒரு விளையாட்டு வாங்கினான். பெயர் வேண்டாம். அவனும் நண்பர்களும் பள்ளி விடுமுறை முழுக்க அதில்தான் இருந்தார்கள். அடுத்த வருடம் சர்வர் மூடப்படும் என்று ஓர் அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். "மாமா, யார்கிட்ட போய் கேக்கறது?" என்றான். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் ஒரு முகவரி இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

பாதி முகவரி இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிய பகுதி 2010-இல் திருத்தமாக அதில் சேர்க்கப்பட்டது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில், வக்கீல் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரைக்கும் வழக்குப் போடலாம். உள்ளூர்க் கடைக்காரர் ஓடாத டிவியை விற்றால் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். கடல் தாண்டி இருக்கிற விளையாட்டு நிறுவனத்தைத் தீர்ப்பாயத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பிரச்சினை.

"சின்ன நாடு, நாம் சொன்னால் யார் கேட்பார்கள்" என்று நண்பர்கள் சொல்வார்கள். வரி விஷயத்தில் கேட்டார்களே. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கிற டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி இருக்கிறது. 6 விழுக்காடாகத் தொடங்கி, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்கிற நிறுவனம் சுங்கத் துறையில் பதிய வேண்டும். வரி வாங்க அவர்களைக் கண்டுபிடிக்க முடிகிற அரசால், வாங்கியவரின் புகாருக்குப் பதில் சொல்ல ஒரு பிரதிநிதியை வைக்கச் சொல்லவும் முடியும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மாதிரி பல பத்தாண்டு அனுபவமுள்ள அமைப்புகள் இதைக் கையில் எடுத்தால் அமைச்சின் காதில் விழும்.

சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. நீங்கள் பெறுவது உரிமம் மட்டும்தான் என்பதை டிஜிட்டல் கடைகள் வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்; இணைப்பே இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கித் தருகிற பொருளுக்கு விலக்கு உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு அது போதாது. எச்சரிக்கை வாசகத்தைப் படிக்காமல் அழுத்திவிட்டுப் போகத்தான் நாம் எல்லாரும் பழகியிருக்கிறோம். பழைய புரோட்டோன் சாகாவை இப்போது யாரும் தொழிற்சாலையில் செய்வதில்லை, ஆனால் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியை அதற்காக யாரும் வந்து அணைப்பதில்லை. விளையாட்டுக்கும் அந்த நிலை வேண்டும்.

எனவே நான் கேட்பது இது. சட்டம் வந்த தேதிக்குப் பிறகு விற்பனைக்கு வருகிற விளையாட்டுகளுக்கு மட்டும் அது பொருந்தட்டும். பழையவற்றைப் பிரித்துக் கட்டச் சொல்வது அநியாயம். குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை சர்வர் ஓடும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். மூடும்போது ஆஃப்லைன் வடிவம், அல்லது நாமே நடத்தக்கூடிய சர்வர் மென்பொருள், இரண்டும் முடியாவிட்டால் பணம். பணம் திருப்புவது நடக்காத காரியமில்லை. சோனி 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட 'கான்கார்ட்' விளையாட்டை இரண்டு வாரத்தில் மூடியபோது வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. மூல நிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய கட்டளைகளை, வெளியிடு என்று கட்டாயப்படுத்துவதற்கு நான் எதிர்ப்பு. ஐடி சாஃப்ட்வேர் 1997-இல் 'டூம்' நிரலை மனமுவந்து கொடுத்தது, அதனால் இன்றைக்கும் அது எல்லாக் கருவியிலும் ஓடுகிறது. ஆனால் அது அவர்களுடைய விருப்பமாகவே இருக்க வேண்டும்.

மாதச் சந்தாவில் ஓடுகிற பெரிய ஆன்லைன் உலகங்களை விட்டுவிடலாம்; அங்கே ஒரு மாதத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று நமக்கே தெரியும். தனியார் நடத்தும் சர்வரில் தகாத பேச்சு வந்தால் எங்கள் தலையில் விழுமே என்று நிறுவனங்கள் கவலைப்படுகின்றன. அது நியாயமான கவலை. மூடிய பிறகு பொறுப்பு சர்வர் நடத்துபவருக்கே என்று சட்டம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கைப்பேசி விளையாட்டுகளில் மூடப்போகிற வாரம்வரை, விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் வைரமும் நாணயமும் விற்பது மட்டும் அறவே நிற்க வேண்டும்.

உள்ளூர் விளையாட்டு நிறுவனங்களுக்கு இது சுமையாகுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆகாது. மலேசியாவின் பேஷன் ரிபப்ளிக் 2022-இல் வெளியிட்ட 'கிகாபேஷ்' விளையாட்டை ஒரே திரைக்கு முன் நான்கு பேர் உட்கார்ந்து ஆடலாம். அப்படிப்பட்ட விளையாட்டு இந்தச் சட்டத்தை முதல் நாளிலேயே நிறைவேற்றிவிட்டது.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? வாங்கும் முன் அந்த விளையாட்டில் லேன் வசதியோ (ஒரே இடத்தில் உள்ள கணினிகளை இணையம் இல்லாமல் இணைத்து ஆடுவது), ஐபி முகவரி தட்டிச் சேர்கிற வசதியோ இருக்கிறதா என்று தேடுங்கள். தனியாக ஆடும் பகுதிக்கும் இணையம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் முழு விலை கொடுக்காதீர்கள். ஜிஓஜி என்ற இணையக் கடையில் விளையாட்டின் நிறுவல் கோப்பை இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், அதை நிறுவ இணையம் கேட்காது. லோ யாட் மாதிரி இடத்தில் உள்ளூர்க் கடையில் வட்டு வாங்கினால், "தனியாக விளையாட இணையம் வேண்டுமா" என்று விற்பவரிடம் கேட்டு, அவர் சொல்வதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், அப்போது அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.