கம்ப்யூட்டரில் வைரஸ் என்று வந்த போன்

கேள்வி: அக்கா, என் அப்பா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். தோட்ட ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு முன் கம்ப்யூட்டரில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, அலாரம் மாதிரி அலறி, 'வைரஸ் புகுந்துவிட்டது, மைக்ரோசாப்ட்டை அழையுங்கள்' என்று ஒரு நம்பர் வந்ததாம். அப்பா அழைத்துவிட்டார். அவர்கள் சொன்னபடி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டு, 350 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டுவதற்காக இணையத்தில் பேங்க் கணக்கைத் திறந்திருக்கிறார். 6,200 வெள்ளி போய்விட்டது. வெளியே தெரிந்தால் அவமானம் என்று போலீசுக்கும் போகவில்லை, பேங்க்குக்கும் சொல்லவில்லை. இன்னும் போன் வருகிறது. தம்பி வந்தால் அந்த ஆட்களிடம் வேண்டுமென்றே பேச்சை இழுத்து அவர்கள் நேரத்தை வீணாக்குகிறான். அப்பாவையும் 'படிச்ச மனுசன்தானே' என்று குத்திக் காட்டுகிறான். அப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. என்ன செய்ய?
– ஒரு மகள், கோலாலம்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, இதைப் படித்ததும் முதல் வேலையாக அப்பாவை அவருடைய பேங்க்கின் 24 மணி நேர மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இணையக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பல பேங்க் செயலிகளிலேயே அதற்கு 'கில் ஸ்விட்ச்' இருக்கிறது. மூன்று வாரம் ஆகிவிட்டதால் போன பணம் திரும்புவது கஷ்டம்தான், பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் மீதிப் பணம் இன்னும் அங்கேதானே இருக்கிறது? பணம் போன அன்றே தெரிந்திருந்தால் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழைக்கச் சொல்லியிருப்பேன். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் தடுப்பதற்காக 2022-இல் தொடங்கிய மையம் அது. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இந்த எண்ணை அப்பாவின் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

அடுத்தது போலீஸ் புகார். சின்ன ஊர், ஸ்டேஷனுக்குப் போனால் தெரிந்த முகம் நாலு இருக்கும் என்று அப்பா தயங்குவது எனக்குப் புரிகிறது. புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ஈப்போவுக்கு அழைத்துப் போய்க் கொடுங்கள். பேங்க் அறிக்கையில் பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் எண் இருக்கலாம், அதையும் வந்த போன் நம்பர்களையும் எழுதிக் கொடுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கின் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அப்பாவின் புகாரும் சேர்ந்தால், நாளைக்குப் பணம் அனுப்பப் போகிற இன்னொருவர் அதைப் பார்த்து நிறுத்துவார்.

இப்போது அப்பா. தங்கை, அவர் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. தோட்ட ஆபீசில் வேலை பார்த்த அந்தத் தலைமுறை, மேலிடத்துப் போன் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசிய தலைமுறை. பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி, 'சார்' என்று மரியாதையாகப் பேசி, நீங்களே பாருங்கள் என்று ஆதாரமும் காட்டினால் யாரும் நம்புவார்கள்.

அந்த ஆதாரம் என்ன தெரியுமா? பெரும்பாலும் விண்டோசிலேயே உள்ள 'ஈவன்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்து காட்டுவார்கள். கம்ப்யூட்டரில் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களின் பதிவேடு அது. ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூடச் சிவப்பு, மஞ்சள் குறிகளோடு வரிசையாக எழுதி வைக்கும். நல்ல நிலையில் ஓடுகிற கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். 'பார்த்தீர்களா சார், எத்தனை எரர்' என்று அதைத்தான் காட்டியிருப்பார்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய், அதே பகுதியைத் திறந்து அவர் கண் முன்னால் வையுங்கள். அதே சிவப்புக் குறிகள் உங்களுடையதிலும் இருப்பதை அவர் ஒவ்வொரு வரியாகப் படிக்கட்டும். கிராணியாக இருந்தவர், பேரேடு பார்க்கத் தெரிந்தவர், எங்கே ஏமாற்றினார்கள் என்பதைத் தானே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் ஆறுதல் சொல்வதைவிட அது அவருக்குத் தெம்பு தரும்.

அந்தச் சிவப்புத் திரையும் வெறும் ஒரு இணையப் பக்கம்தான். மைக்ரோசாப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது, அந்த நிறுவனம் தானாக யாரையும் கூப்பிட்டு வைரஸ் என்று சொல்வதும் இல்லை. மறுபடி அப்படி வந்தால் எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு பிரவுசரை மூடிவிடலாம். அதுவும் முடியவில்லையா, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடச் சொல்லுங்கள். பிரவுசரைத் திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லட்டும்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, இணையத்தைத் துண்டித்து, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விண்டோசைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். நம்பகமான கடையில் செய்து தருவார்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான், ஆனால் அந்த வழியாக உள்ளே வந்தவர்கள் வேறு எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்று யார் கண்டது? ஈமெயில், பேங்க், இபிஎஃப் (சேமநிதி) கணக்குகளின் பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டவே வேண்டாம்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கோபம் நியாயம். ஆனால் அவர் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நம்பரில் ஆள் இருக்கிறது என்று எதிராளிக்கு உறுதியாகிறது. அப்பாவின் பெயர், போன் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம். தம்பி கோலாலம்பூருக்கோ எங்கேயோ திரும்பிப் போய்விடுவார், அவர்களுடைய வசையையும் மிரட்டலையும் தனியாக உட்கார்ந்து கேட்கப் போவது அப்பா. இந்தக் கும்பல்களை அடக்குவது போலீஸ் வேலை. 2023 அக்டோபரில் இந்தியாவின் சிபிஐ, மைக்ரோசாப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களையும் வைத்து, இப்படிப் பேசி ஏமாற்றிய போலி கால் சென்டர்களில் சோதனை நடத்தியது. அது புகாரால் நடந்தது. தம்பிக்குக் கை துறுதுறுக்கிறது என்றால் அந்தப் போலீஸ் புகாரை அவரே உட்கார்ந்து விவரமாக எழுதட்டும். கூடவே, அப்பாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. ஒரு தடவை பணம் கொடுத்தவரை அவர்கள் விட மாட்டார்கள். அடுத்து 'கம்பெனியை மூடுகிறோம், உங்கள் 350 வெள்ளியைத் திருப்பித் தருகிறோம்' என்று வரும். மறுபடி திரைக்குள் நுழைந்து, பேங்க் பக்கத்தில் தெரியும் தொகையை மட்டும் மாற்றிவிட்டு, 'ஐயோ, 3,500 அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் சார்' என்று அழுவார்கள். கணக்கில் ஒரு காசும் வந்திருக்காது. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால் பழைய தொகைதான் இருக்கும். போலீஸ், பேங்க், 997 மையம் என்று சொல்லிக்கொண்டு, 'பணத்தை மீட்டுவிட்டோம், கட்டணம் கட்டுங்கள்' என்றும் கேட்கலாம்.

அதனால் அப்பாவோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பற்றியோ பணம் பற்றியோ யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல், விடைபெறாமல் போனை வைத்துவிட வேண்டும். முகம் தெரியாத ஆளிடம் அது மரியாதைக் குறைவு ஆகாது என்பதை, மரியாதை பார்க்கிற அவருக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வைத்த கையோடு உங்களை அழைக்கட்டும். அவர் அழைத்தால் நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் வெளியே வந்து எடுங்கள்.