ஆச்சி பதில்கள்: பேத்தி எந்தக் கோயில்?

கேள்வி: என் மகன் பெங்களூரில் உடன் வேலை பார்த்த கோட்டயத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். நாங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்); வெளியே கட்டியதால் கல்யாணத்துக்கு நம் குலக் கோயில் மாலை வரவில்லை, கோயில் ஏட்டில் புள்ளியாகவும் சேர்க்கவில்லை. இப்போது பேத்தி, பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்களாம், "அப்பத்தா, நான் எந்தக் கோயில்?" என்று போனில் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கோயில் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு, ஆத்தா. கல்யாணமான சோடிக்கு ஒரு புள்ளி; இளையாற்றங்குடி தொடங்கி நகரத்தாரின் ஒன்பது கோயிலிலும் ஏடு அப்படித்தான். அதை நீயும் நானும் உட்கார்ந்து திருத்த முடியாது. திருத்தினால் தேவலை என்பது என் கட்சி. திட்டுகிறவர்கள் தாராளமாகக் கடிதம் போடுங்கள்.

ஆனால் ஒன்று யோசி. நீ பிறந்தது ஒரு கோயில், கழுத்திரு (நம் கல்யாணத் தாலி) ஏறியதும் மாப்பிள்ளை வீட்டுக் கோயில். அன்றைக்கு யாராவது "நீ யார்?" என்று உன்னைக் கேட்டார்களா? நான் வைரவன்பட்டிக் கோயிலில் பிறந்து இலுப்பைக்குடிக் கோயிலுக்கு வாழ்க்கைப்பட்டவள். இன்றைக்கும் திருப்பத்தூர் பஸ் வைரவன்பட்டியைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. ஏட்டில் பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆயிற்று, கைக்கு அது தெரியவில்லை. நமக்கே இரண்டு கோயில் இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு இருந்தால் என்ன குறைந்துவிட்டது? "உங்க அப்பச்சி (அப்பா) வீட்டுக்கு இது, அம்மா வீட்டுக்கு அது" என்று இரண்டையும் சொல். மரத்தில் கோட்டயத்துப் பாட்டி பெயரும் வரட்டும். தெரியாது என்றால் சம்பந்தியம்மாளுக்குப் போன் போடு. இதுவரை போட்டிருக்க மாட்டாய், கேள்வியிலேயே தெரிகிறது.

பிறகு, பிள்ளையார் நோன்புக்கு அவர்களை வரச் சொல். கார்த்திகை தீபம் கழித்து 21 நாள். லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. கோடி வேட்டியில் பிரித்த 21 நூலைத் திரித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து, சுடர் எரிய எரிய வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் இழை எடுப்பது என்றால் சின்னப் பிள்ளை மிரளத்தான் செய்யும். மாவைச் சிறிதாகப் பிடி. நீ முதலில் இழை எடுத்துக் காட்டு. மருமகளையும் கேள், வேண்டும் என்றால் கொடு, வேண்டாம் என்றால் பணியாரத்தைக் கொடு, முகத்தைத் தூக்காதே. அவள் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கூட்டிப் போகும்போதும் அப்படியே. "வழக்கமில்லையே" என்று வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நின்று எவராவது இழுத்தால், ஆவாரம்பூவைக் கையில் திணித்து, பிள்ளையாருக்கு வைக்கச் சொல்லி அனுப்பு.

கேள்வி: கவிஞர் கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரரா, காரைக்குடிக்காரரா? வீட்டில் தினம் சண்டை.
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தபோது முத்தையா. காரைக்குடியில் பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீட்டில் நாராயணன். கண்ணதாசன் அவரே வைத்துக்கொண்டது. நாத்திகம் பேசிய நாக்குதான் பிற்பாடு கண்ணனைப் பாடியது. ஊர் விஷயத்தில் மட்டும் ஒன்றோடு நிற்பாரா? மணிமண்டபம் காரைக்குடிக்குக் கிடைத்துவிட்டது. பிறந்த பெருமையையாவது சிறுகூடல்பட்டிக்கு விட்டுக்கொடுங்கள்.