வீட்டு வலையில் அடித்தால் ஹேண்டிகேப் வராது

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 58. சிங்கப்பூரில் மகனோடு கோல்ஃப் ஆடப் போனால் கிளப்பில் ஹேண்டிகேப் கேட்கிறார்கள். பின்கட்டில் வலை கட்டி இரண்டு வருடமாகப் பழகுகிறேன். ஊர்ப்பக்கம் மைதானம் இல்லை. சான்றிதழ் எங்கே வாங்குவது?"

ஐயா, வலையில் பழகுவது நல்லதுதான், ஆத்தங்குடிக் கல் தப்பித்தால் சரி. ஆனால் அந்த அடி எதுவும் கணக்கில் ஏறாது. ஹேண்டிகேப் என்பது பணம் கட்டி வாங்கும் சான்றிதழ் இல்லை, பேரேடு மாதிரி. நீங்கள் ஆடிய ஆட்டங்கள் பதிவாகி, அதிலிருந்து வரும், உங்கள் திறமையைக் காட்டும் எண். அதை வைத்துத்தான் உங்களுக்கு எத்தனை அடி சலுகை என்று முடிவாகும்.

இந்தியாவில் இதை நடத்துவது இந்தியன் கோல்ஃப் யூனியன். அதில் இணைந்த ஒரு கிளப் வழியாகத்தான் கணக்குத் தொடங்க முடியும். உங்களுக்கு மதுரை தாண்டி மலையேறினால் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. 1895-இல் தொடங்கியது, 18 குழி. எந்தக் கிளப்பானாலும் கிளம்புவதற்கு முன் போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: மைதானத்துக்கு இப்போது செல்லுபடியாகும் கோர்ஸ் ரேட்டிங்கும் (கைதேர்ந்தவருக்கு அங்கே எத்தனை அடி ஆகும் என்ற கணிப்பு) ஸ்லோப் எண்ணும் (மற்றவர்களுக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) இருக்கிறதா, வெளியூர்க்காரருக்கு ஹேண்டிகேப் கணக்குத் தருவார்களா.

அப்புறம் 54 குழி ஆட வேண்டும். மூன்று முழு ஆட்டம் போதும், 9 குழி ஆட்டங்களைச் சேர்த்தும் நிரப்பலாம். தனியாக ஆடினால் செல்லாது. கூட ஒருவர் ஆடி, மார்க்கராக உங்கள் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். நானே ஒருமுறை நன்றாக ஆடிவிட்டு, காபி குடிக்கிற அவசரத்தில் கையெழுத்து வாங்காமல் வந்து, அந்த ஆட்டத்தை இழந்தேன்.

மோசமாக ஆடுவோமே என்று தயங்காதீர்கள். புதிதாகச் சேருபவருக்கு ஒரு குழியில் பார் கணக்குக்கு (அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கை) மேல் 5 வரைதான் ஏறும். பார் 4 குழியில் 11 அடித்தாலும் 9 என்றே எழுதுவார்கள். ஹேண்டிகேப் எண்ணின் உச்ச வரம்பு 54.0, அதாவது தொடக்கக்காரருக்கும் இடம் உண்டு.

உதாரணத்துக்கு, ரேட்டிங் 70.2, ஸ்லோப் 120 உள்ள மைதானத்தில் 112, 108, 115 அடி என்று மூன்று ஆட்டம் ஆடுகிறீர்கள். குறைந்த அடிதான் சிறந்தது, 108. அதில் 70.2 கழித்தால் 37.8. அதை 113-ஆல் (சராசரிக் கடினத்துக்கான ஸ்லோப்) பெருக்கி 120-ஆல் வகுத்தால் 35.6. மூன்றே ஆட்டம் என்பதால் இன்னும் 2 கழிப்பார்கள்: 33.6. அதுதான் உங்கள் இன்டெக்ஸ், அதாவது ஹேண்டிகேப் எண். ஆட்டம் கூடக் கூட இந்தக் கழிவு போய்விடும். 20 ஆட்டம் சேர்ந்த பிறகு, கடைசி 20-இல் இப்படிக் கணக்கிட்டு வரும் எண்களில் சிறந்த 8-இன் சராசரி.

நல்ல ஆட்டத்தை மட்டும் பதிந்து எண்ணைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். நஷ்டத்தை எழுதாத ஐந்தொகை போலத்தான் அது. சிங்கப்பூரில் மகனிடம் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை என்பதால், இங்கே வாங்கிய இன்டெக்ஸை அங்கே காட்டலாம். அந்த மைதானத்தின் ஸ்லோப்புக்கு ஏற்ப எத்தனை அடி சலுகை என்பதை அவர்களே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.